எழுபத்தோராயிரம்

இன்னும் எவ்வளவு நேரந்தான் எண்ணுவார்களாம்? சின்னக் குப்பியில் ரத்தத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போன பொண்ணு போனவள்தான், அரை மணி நேரமாக அந்தக் கண்ணாடிக் கதவு திறக்கவே இல்லை. ரத்த வங்கி வாசலில் போட்டிருந்த இரும்பு நாற்காலி இசக்கியம்மாளுக்கு இடுப்பை வெட்டியது. எதிர்ச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, அதில் சத்தமே இல்லாமல் யாரோ வத்தக்குழம்பு தாளித்தார்கள். கொஞ்சம் சத்தம் வைத்தால் இவர்களுக்கு என்ன குறைந்தா போய்விடும்? பக்கத்தில் இருந்தவளிடம் அதைச் சொன்னாள். "சத்தம் வச்சுத்தான இருக்கு" என்று அவள் ஒரு மாதிரி பார்த்தாள். இவளுக்குப் பாம்புக் காது போல, இருந்துட்டுப் போகட்டும். மணி பத்தேகால். ஒரு மணிக்கு மேல்மாடியில் தம்பி சொரிமுத்துவுக்குக் கையில் ஆபரேஷன். பெரிய ஆபரேஷன் ஒன்றும் இல்லை, மணிக்கட்டுப் பக்கம் ரெண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைப்பார்கள், அது ஒன்றரை மாதத்தில் புடைத்துக்கொண்டால் அதில் ஊசி போட்டு டயாலிசிஸ் பண்ணலாம். தள்ளிப்போனால் கழுத்தில் குழாய் சொருக வேண்டியதுதான். கழுத்துக் குழாயில் கிருமி ஏறி அடுத்த கட்டில்காரர் போன மாதம் போய்ச் சேர்ந்ததை அவளே பார்த்தாள். அதனால் இன்றைக்கே நடந்தாக வேண்டும். ஆனால் ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அவனுக்குக் குறைவு, பிறந்ததில் இருந்தே குறைவு, ஒரு பை பிளேட்லெட் கைவசம் இருந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். பை வேண்டும் என்றால் பதிலுக்கு ஒரு ஆள் கொடுக்க வேண்டும். அவள் கொடுக்கிறது அவனுக்கே போகாதாம், கூடப்பிறந்தவர்களுடையதை ஏற்றினால் பிறகு கிட்னி மாற்றும்போது உடம்பு சண்டை போடுமாம், வங்கிக்குப் போய்விடுமாம், வங்கியில் இருந்து வேறு யாருடையதோ அவனுக்கு வருமாம். என்ன எழவோ. கொடுக்கிறேன் என்று வந்து உட்கார்ந்தவளை இப்படி உட்கார வைத்தே கொல்கிறார்கள்.

குறைவு என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை, அதை நினைத்தால்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனுக்குப் பிளேட்லெட் ஒவ்வொன்றும் பெரிசு பெரிசாக இருக்குமாம். எண்ணுகிற மெஷின், இவ்வளவு பெரிசாக இருந்தால் இது பிளேட்லெட்டே இல்லை, சிவப்பணு என்று நினைத்துத் தள்ளிவிடுமாம். அதனால் மெஷினில் இருபதாயிரம் என்று வரும். அதே ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து ஒரு மனுஷன் உட்கார்ந்து கண்ணால் எண்ணினால் நாற்பது வரும், நாற்பத்தைந்து வரும். இதைச் சென்னையில் ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்து, மெஷினை நம்பாதீர்கள் என்று லெட்டரே எழுதிக் கொடுத்திருக்கிறாள். லெட்டரை யார் படிக்கிறார்கள்? வார்டுக்குப் புதுசாக ஒரு டாக்டர் வந்தால் மெஷின் தாளைப் பார்த்து ஐயோ இருபதாயிரம் என்று குதிப்பார், ஆபரேஷனை நிறுத்து என்பார், இவள் லெட்டரை நீட்ட வேண்டும், அவர் கண்ணாடியைத் துடைத்துப் படிக்க வேண்டும், ஆள் அனுப்பி எண்ணச் சொல்ல வேண்டும், எண்ணுகிறவர் சாப்பிடப் போயிருப்பார். இப்படியே ரெண்டு தடவை தள்ளிப்போய்விட்டது. அந்த டாக்டரம்மாவைப் பார்க்கும் வரைக்கும் பதினெட்டு வருஷம் வேறு என்னவோ வியாதி என்று நினைத்து ஸ்டீராய்டு மாத்திரையைப் போட்டுப் போட்டு அவன் முகம் பூரியாக உப்பிக் கிடந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் அவனுடைய பழைய போட்டோவைக் காட்டித்தான் பேசி முடித்தார்கள். பிளேட்லெட், கிட்னி, காது மூன்றும் ஒரே வியாதி, பரம்பரையாக வருகிறது, அம்மாவுக்கும் இதுதான் இருந்திருக்கும் என்று சென்னையில் சொன்ன அன்றைக்கு, மாரிச்செல்வி, அதான் தம்பி பெண்டாட்டி, ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுது என்ன செய்ய. அம்மாவுக்கு ஐம்பத்தொரு வயசில் கால் வீங்கி முகம் வீங்கி மூச்சு முட்டிச் செத்தபோது உப்பு நீர் என்று சொன்னார்கள், உப்பைக் குறைத்தார்கள், ஒரு மூத்திர டெஸ்ட் எடுக்க ஒரு பயலுக்கும் தோன்றவில்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் டெஸ்ட் எடுங்கள் என்றுதான் டாக்டரம்மா அப்போதே சொன்னாள். எல்லாரும் என்றால் யார், இவள் ஒருத்திதான். "எனக்கு என்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள் இசக்கியம்மாள். நூற்றறுபது பிள்ளைக்குச் சத்துணவு பொங்கிப் போடுகிறவளுக்கு டெஸ்ட் எடுக்க எங்கே நேரம்?

கண்ணால் எண்ணி நாற்பத்தைந்து. ஐம்பதைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான், அதற்காக ரெண்டு வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பாழாய்ப்போன மாத்திரை. வெறும் வயிற்றில் போட வேண்டும், முன்னே பின்னே நாலு மணி நேரம் பால், தயிர் எதுவும் ஆகாது, பாலோடு சேர்ந்தால் மாத்திரை ரத்தத்தில் சேராமல் போய்விடும் என்று மாரிச்செல்வியிடம் சொல்லியிருக்கிறார்கள். மாரிச்செல்வி இவளிடம் சொல்லவில்லை. சொன்னாளோ என்னவோ, அவள்தான் வாய்க்குள்ளேயே முனகுகிற ஜாதி, காதில் விழுந்தால்தானே. விடிகாலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் புண்ணாகாதா என்று, ரெண்டு வாரமும் அஞ்சரை மணிக்கே பால் விட்டுக் கேப்பைக் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுபோய் அவன் வாயில் ஊற்றியது யார்? இந்த இசக்கிதான். அவனும் அக்கா கொண்டு வந்தாளே என்று குடித்துத் தொலைத்தான். பதினஞ்சாம் நாள் எண்ணிப் பார்த்தால் அதே நாற்பத்தைந்து. டாக்டர் தாளை மேசையில் போட்டுவிட்டு, "பாலா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். மாரிச்செல்வி இவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு நாலு திட்டிவிட்டு மனசு ஆறியிருக்கும். திட்டவில்லை. சரி மதினி, தெரியாமத்தான செஞ்சிய என்றுவிட்டாள். அது நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அதற்காகத்தான் ஆள் தேடி அலைந்தாள். வீட்டுக்காரருடைய லோடுமேன் ஒருத்தனைக் கூட்டி வந்தால் அவன் நேற்றுக் குடித்திருக்கிறான், வாடையே சொல்கிறது. இன்னொருத்தன் நெஞ்சில் புதுசாகப் பொண்டாட்டி பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான், ஆறு மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார்கள். உயிரோடு பக்கத்தில் இருக்கிற பொண்டாட்டியை நெஞ்சில் வேறு எதற்குக் குத்த வேண்டும்? சரி போங்கடா, நானே கொடுக்கேன் என்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நானே கொடுக்கேன், நானே கொடுக்கேன், அவளுக்கு வாய் எப்போதும் முந்திக்கொள்ளும். கிட்னி விஷயமும் அப்படித்தான். சித்தப்பா மகள் கல்யாண வீட்டில், பந்தியில் வைத்து, ரெண்டு கிட்னில ஒண்ணு என் தம்பிக்குத்தான் என்று சொன்னாள். சொன்னதும் பந்தியே கைகழுவாமல் அவளைப் பார்த்தது, பெரியத்தை கண்ணைத் துடைத்தாள், அன்றைக்கு அவளுக்கு ஒரு சுற்றுப் பருத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் கை தானாக முதுகுக்குப் போனது. அப்போதில் இருந்து முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எதை எடுப்பார்கள் என்று. யாருக்கும் தெரியாது, இசக்கியம்மாளுக்கு அந்த வேலைக்குப் போகவே விருப்பம் இல்லை. தம்பி மேல் உயிர்தான், அவனைத் தூக்கி இடுப்பில் வைத்து வளர்த்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஆனாலும் வயிற்றைக் கிழித்து ஒரு சாமானை எடுத்து இன்னொருத்தனுக்கு வைப்பது என்றால் மனுஷிக்குப் பயம் இருக்காதா? ராத்திரி எத்தனையோ தடவை இசக்கியம்மனிடம், ஏதாவது ஒரு காரணம் காட்டி என்னை வேண்டாம் என்று சொல்ல வைத்துவிடு தாயே என்று கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு உடனே, ஐயோ நான் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஒரு வேண்டுதலைக் கேட்டுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா, அதுவும் தெரியவில்லை. இப்போது ஏன் அந்த ஞாபகம் வருகிறது? எண்ணுகிறார்கள் என்றால் எண்ணட்டும். நாலு லட்சம் இருக்கும். அவள் ரத்தம் அப்படி.

அந்தக் குடும்பத்து ரத்தமே அப்படி என்றுதான் பேச்சு. அவளுக்குக் காது குத்தின அன்றைக்குத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்திருந்தார்கள், ஆசாரி ஊசியை எடுத்ததும் ரத்தம் வந்தது பாரு, மாமன் கட்டியிருந்த புது வேட்டி இடுப்பில் இருந்து முழங்கால் வரைக்கும் சிவப்பு. மஞ்சள் வைத்து, சுண்ணாம்பு வைத்து, சாயங்காலம்தான் நின்றது. யாரும் பயப்படவில்லை. "எங்க வீட்டுப் பிள்ளைன்னா ரத்தம் இப்படித்தான் பாயும், குலதெய்வத்துக்குப் பங்கு கொடுக்காம காது மூடாது" என்று மாமன் அந்த வேட்டியோடேயே ஊரைச் சுற்றி வந்தார். அந்த வேட்டியை ரொம்ப நாள் துவைக்காமல் வைத்திருந்தார் என்றுகூடச் சொல்வார்கள். அம்மாவுக்கும் அப்படித்தானாம், சொரிமுத்துவுக்கும் அப்படித்தான். சின்ன வயசில் ரத்தம் நிற்காத பிள்ளைதான் அசல் எங்க பிள்ளை என்று ஒரு பெருமை. அதைப்போலத்தான் சத்தமும். அந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசினதே கிடையாது. அம்மா அடுப்படியில் பேசினால் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். ஆம்பளத் தொண்டை என்பார்கள், ஆட்சி செய்கிற வீடு என்பார்கள். சத்துணவுக் கூடத்தில் மைக் இல்லாமல் நூற்றறுபது பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற தொண்டை வேறு எங்கிருந்து வந்தது? மாதாமாதம் அவளுக்கு ரத்தம் கொட்டிப் போனதை உடம்புச் சூடு என்று வெந்தயம் முழுங்கினாள், போன வருஷம் அதுவாக நின்றது, விட்டது சனியன் என்று இருந்தாள். மகள் பொன்மலர் பிறந்தபோது ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், அதுவும் எல்லாருக்கும் நடக்கிறதுதானே. எல்லாருக்கும் நடக்குமா? ஏன் இன்னும் அந்தக் கதவு திறக்கவில்லை? ஊசி குத்தின இடத்தில் பஞ்சு நனைந்து கிடந்தது. முட்டாப்பொண்ணு, நரம்பைத் தப்பாகக் குத்தியிருக்கிறாள்.

கதவு திறந்தது. அந்தப் பொண்ணு தாளைப் பார்த்துக்கொண்டே வந்து ஏதோ சொன்னாள். "சத்தமாச் சொல்லு தாயி" என்றாள் இசக்கியம்மாள். "உங்க பிளேட்லெட் கொறச்சலா இருக்கும்மா. கொடுக்க முடியாது. ஒன்றரை லட்சத்துக்கு மேல வேணும். உங்களுக்கு எழுபத்தோராயிரம்தான் இருக்கு. ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டோம். காய்ச்சல் எதுவும் வந்துச்சா?" வரவில்லை என்று தலையாட்டினாள். "மாத்திரை எதுவும் சாப்பிடுதீங்களா?" இல்லை. "எதுக்கும் டெங்கு பாத்துக்கோங்க. பயப்பட ஒண்ணுமில்ல." பக்கத்தில் இருந்த பாம்புக் காதுக்காரி, "பப்பாளி எலைய அரைச்சு ரெண்டு நாளு குடிங்க, கிடுகிடுன்னு ஏறிரும்" என்றாள். இவளிடம் யார் கேட்டார்கள்? "அப்ப என் தம்பிக்குப் பை?" என்று கேட்ட தொண்டை தன்னுடையதுதானா என்று இசக்கியம்மாளுக்குச் சந்தேகமாக இருந்தது. "பைய மேல அனுப்பிருதோம்மா, ஆபரேஷன் நிக்காது. இந்த வாரத்துக்குள்ள வேற ஒரு ஆள மட்டும் அனுப்பி வைங்க." அவ்வளவுதானா, அப்படியானால் இவ்வளவு நேரம் எதற்கு உட்கார வைத்தீர்கள் என்று ஒரு சண்டை பிடித்திருக்க வேண்டும். நியாயமான சண்டை. பிடிக்கவில்லை. தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

லிப்டுக்கு நிற்கப் பொறுமை இல்லை, படியில் ஏறினாள். மெஷின் தப்பாக எண்ணியிருக்கும். அதுதான், வேறு என்ன, மெஷினுக்கு இதே வேலை, சொரிமுத்துவுக்கு எத்தனை தடவை தப்பாக எண்ணியிருக்கிறது. பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. மெஷின் யாருக்குத் தப்பாக எண்ணும்? பிளேட்லெட் பெரிசு பெரிசாக இருக்கிறவர்களுக்குத்தான் தப்பாக எண்ணும். மெஷின் சரி என்றால் அவளுக்குக் குறைவு. மெஷின் தப்பு என்றால் அவளுக்கு அம்மாவின் வியாதி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர். இல்லை, டெங்குவாக இருக்கலாம், கொசு கடிக்காத ஆள் உண்டா திருநெல்வேலியில்? டெங்கு என்றால் காய்ச்சல் வரும். காய்ச்சல் இல்லாத டெங்கு இருக்கக் கூடாதா? தாயே, டெங்குவாக இருக்கட்டும் என்று ஒருத்தி வேண்டிக்கொள்கிற நிலைமைக்கு வந்தாயிற்று பாரு. அப்போதுதான் அந்த மற்றது மெல்ல எழும்பி வந்தது. இனி கிட்னி கேட்க மாட்டார்கள். அவளை யாரும் கேட்கவே மாட்டார்கள், பந்தியில் சொன்ன வாய்க்கும் பழுது இல்லை, அவளே நோயாளி ஆயிற்றே. ஒரே ஒரு நொடி உடம்பு லேசாக இருந்தது. இருந்ததை அவள் கண்டுபிடித்துவிட்டாள். சீ, நீயும் ஒரு அக்காவா என்று சுவரில் கையை ஓங்கி அடித்தாள். தம்பிக்கு இருந்த ஒரே வழி போயிற்று, அதற்கு இவளுக்கு நிம்மதி கேட்கிறது. இசக்கியம்மன் வேண்டுதலைக் கேட்டுவிட்டாளே, பாவி, எதைக் கேட்கக் கூடாதோ அதைக் கேட்டு, இப்படியா நிறைவேற்றுவது? பிறகு பொன்மலர் ஞாபகம் வந்தது. பெங்களூரில் வேலை, இருபத்துமூணு வயசு, சின்னதில் இருந்தே தொட்டால் கன்றிப்போகும் உடம்பு. போனில் பேசினால் ஸ்பீக்கர் போடாமலேயே வீடு முழுக்கக் கேட்கும் சத்தம். அதை நினைக்காதே, இப்போது அதை நினைக்காதே. மேலே இருந்து இறங்கி வந்த நர்ஸ் ஒருத்தி என்னம்மா மயக்கமா என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, படி ரொம்ப இருக்கு" என்றாள் இசக்கியம்மாள், படியின் மேல் பழியைப் போட்டு.

வார்டில் சொரிமுத்து பச்சை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மாரிச்செல்வி எங்கோ கையெழுத்துப் போடப் போயிருந்தாள். ஆபரேஷனுக்கு என்று காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டதால் அவன் இவள் உதட்டையே பார்த்தான். "குடுத்துட்டியாக்கா?" "பை வந்துரும். ஆபரேஷன் உண்டு." பொய் இல்லையே, பை வரத்தானே போகிறது. தலையணையைச் சரிபண்ணினாள், தண்ணீர் பாட்டிலை அந்தப் பக்கத்தில் இருந்து இந்தப் பக்கம் வைத்தாள், இந்த ஜன்னலை யார் திறந்து போட்டது, தூசி வராதா, இந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தருக்காவது பொறுப்பு இருக்கிறதா என்று பேசிக்கொண்டே போனாள். எதுவும் அவன் காதில் விழவில்லை. அவன் பார்வை அவள் உதட்டைவிட்டு இறங்கி முழங்கைக்கு வந்திருந்தது. பஞ்சு முழுக்கச் சிவந்து ஓரத்தில் கசிந்தது. அதைச் சுற்றி எலுமிச்சங்காய் அளவுக்கு நீலம் பரவியிருந்தது. சேலையை இழுத்து மூடினாள். அவன் எட்டி அந்தக் கையைப் பிடித்து, சேலையை விலக்கி, தன் கையைப் பார்ப்பதைப் போலவே பார்த்தான். நாற்பது வருஷமாக அப்படிப்பட்ட நீலத்தைப் பார்த்தே வளர்ந்தவன் அவன்.

"எத்தன சொன்னாவ?" என்றான்.

அவள் வேறு எங்கோ பார்த்தாள். அவன் மறுபடியும் கேட்டான். எழுபத்தோராயிரம் என்று சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள், அவனுக்கு அது போதுமாக இருந்தது. "மெஷின்லதான? கண்ணால எண்ணச் சொல்லு. கூடத்தான் வரும். எனக்கு வந்ததவிட ஒனக்கு நல்லாவே இருக்கு, பயப்படாத" என்றான். பிறகு, "மூத்திரத்துல நுரை வருதா?" என்று கேட்டான். தம்பி அக்காவிடம் கேட்கிற கேள்வியா அது? பார்த்ததில்லை என்றாள். நாற்பத்தேழு வருஷத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. "இன்னைக்கே டெஸ்ட்டுக்குக் குடு. என்னைய மாரி லேட்டாக்கிராத. ஒன் கிட்னி இனிமே ஒனக்கே வேணும்." அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. "அப்ப ஒனக்கு யாருல குடுப்பா? ஒனக்கு யாருல குடுப்பா, சொல்லு!" என்று அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் அந்தச் சொதசொதத்த பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, தன் மேசையில் இருந்து புதுப் பஞ்சை மடித்து வைத்து, கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். கையை மேல தூக்கு என்றான், தூக்கினாள்.

தள்ளுவண்டியோடு ரெண்டு பேர் வந்தார்கள். முந்தின கேஸ் சீக்கிரம் முடிந்துவிட்டது, தியேட்டரில் கூப்பிடுகிறார்கள், ஏறிப் படுங்க சார் என்றார்கள். போலே, போ, போயிட்டு வா என்று அவள் கையை இழுத்தாள். அவன் விடவில்லை. தியேட்டரில் டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு சார் என்று அந்த ஆள் அவன் தோளைத் தொட்டுச் சொன்னான்.

"ரெண்டு நிமிஷம் இருங்க. எங்கக்காவுக்கு இன்னும் ரத்தம் நிக்கல" என்றான் சொரிமுத்து.